இருநூற்றுப் பத்தை எட்டால் வகுத்தவர்

அந்த ஏழின் இடுப்பில் ஒரு சின்னக் கோடு இருந்தது. கட்டம் போட்ட கணிதப் புத்தகத்தில், ஐம்பத்தாறை எட்டால் வகுத்ததற்கு விடையாக அது உட்கார்ந்திருந்தது. விடை சரிதான். ஆனாலும் நான் சிவப்புப் பேனாவைக் கையில் தூக்கிப் பிடித்தபடி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் ஏழை அப்படி எழுதமாட்டார்கள். நானும் வகுப்பில் அப்படி எழுதிக் காட்டியதில்லை. அதே புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டினேன். வகுப்பில் செய்த பக்கங்களில் எல்லா ஏழும் கோடு இல்லாமல், கொஞ்சம் முன்னால் சாய்ந்து நின்றன. வீட்டில் செய்த பக்கங்களில் எல்லா ஏழுக்கும் கோடு. ஒரே புத்தகத்தில் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

அப்போது நான் பட்டம் முடித்து ஒரு வருடம்கூட ஆகாத ஒப்பந்த ஆசிரியை. லாயாங் லாயாங் என்ற சிற்றூர்ப் பக்கம் ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளி. மூன்றாம் ஆண்டில் மொத்தமே பதினோரு பிள்ளைகள். சந்தேகம் என் கூடவே பிறந்தது. கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். கடிதத்தை அனுப்பிய பிறகும் முகவரியைத் திறந்து படிப்பேன். கணிதம் எனக்குப் பிடித்துப்போனதற்கே அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மற்ற பாடங்களில் சந்தேகப்பட்டால் ஆசிரியருக்குக் கோபம் வரும். கணிதத்தில் மட்டும் சந்தேகப்படுகிறவனுக்குக் கூடுதலாக ஒரு மதிப்பெண் கிடைக்கும்.

வகுத்தலைக் கண்டு பிள்ளைகள் பயப்படுவதை நான் பயிற்சிக் காலத்திலேயே பார்த்திருந்தேன். கூட்டல், கழித்தல், பெருக்கல் வரை தாவிக்கொண்டு வரும் பிள்ளை, வகுத்தல் குறியைப் பார்த்ததும் ஏதோ தெரியாத ஊரில் இறக்கிவிட்டதைப் போல நின்றுவிடும். அது புது ஊரே இல்லை, பெருக்கலில் வந்த அதே சாலையில் திரும்பிப் போவதுதான் என்று காட்டிவிட எனக்கு ஒரே வேகம். பிஸ்கட் பெட்டி அட்டைகளைச் சேர்த்து முக்கோணங்களாக வெட்டினேன். உச்சியில் 56, கீழே இரண்டு மூலைகளில் 7, 8. ஏதாவது ஒரு மூலையை விரலால் மூடு. மற்ற இரண்டும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். உச்சியை மூடினால் பெருக்கல். கீழ் மூலையை மூடினால் வகுத்தல். ஐம்பத்தாறை எட்டால் வகுக்கச் சொன்னால் மிரளாதே, எட்டை எத்தனையால் பெருக்கினால் ஐம்பத்தாறு வரும் என்று உன்னையே கேள். விடை வந்துவிட்டதா? நம்பாதே. பெருக்கிப் பார். இந்தக் கடைசி இரண்டு சொற்களை நான் ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது சொல்லியிருப்பேன். பிள்ளைகள் என்னைக் கேலி செய்யும்போதுகூட அதைத்தான் சொல்லிக் காட்டுவார்கள்.

கோடு போட்ட ஏழு இருந்த புத்தகத்தின் சொந்தக்காரி அந்தப் பதினோரு பேரில் கெட்டிக்காரி. வகுப்பில் வகுத்தல் கொடுத்தால் மீதி வரும் கணக்கைக்கூட முதலில் முடித்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வீட்டுப்பாடத்திலோ மீதி வரும் கணக்கு அத்தனையும் தப்பு. அதிலும் ஒரே மாதிரித் தப்பு. ஐம்பதை எட்டால் வகுத்தால் ஆறு, மீதி இரண்டு. புத்தகத்தில் ஏழு என்று இருக்கும். முப்பத்தெட்டை ஐந்தால் வகுத்தால் ஏழு, மீதி மூன்று. புத்தகத்தில் எட்டு என்று இருக்கும். எப்போதும் ஒன்று கூடுதல். தெரியாமல் தப்புச் செய்கிறவர்கள் பலவிதமாகச் செய்வார்கள். இது ஏதோ சட்டம் வைத்துக்கொண்டு செய்கிற ஆள். பெரிய ஆள். வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும்தான் என்று எனக்குத் தெரியும். ஆகவே அம்மா.

மகளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"வீட்டுப்பாடம் யாரு செஞ்சா?"

"நான்தான் டீச்சர்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"இந்த ஏழயும் நீதான் எழுதுனியா? எங்க, ஒன்னு எழுதிக் காட்டு."

எழுதினாள். கோடு இல்லாமல், முன்னால் சாய்ந்த ஏழு. பிறகு என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஏதோ மறந்துபோனது நினைவுக்கு வந்ததைப் போல, அதன் இடுப்பில் ஒரு கோட்டை மெல்ல இழுத்துவிட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. பொய் சொல்லக்கூட வீட்டில் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைப் போல எத்தனையோ ஒப்பந்த ஆசிரியைகளைப் பார்த்தவர். "நேராக் கேட்டா சண்டையாகிடும். பக்குவமாப் பேசுங்க. அந்தம்மா ஷிஃப்ட்ட மாத்திக்கிட்டுத்தான் வரணும்" என்றார். எனக்குப் பக்குவம் வராது. ஆனால் திட்டம் போட வரும்.

வரச் சொல்லி அனுப்பினேன். அந்த அம்மா மறுவாரம் வந்தார். தொழிற்சாலைச் சட்டையோடு, நேராக வேலைக்குப் போகிற அவசரத்தோடு, ஆசிரியர் அறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். நகத்தைச் சுற்றி ஒட்டுநாடாவின் பிசின் கறுத்துப் படிந்திருந்தது. நான் புத்தகத்தை எடுக்கவே இல்லை. பள்ளிப் பதிவுக்கு வேண்டும் என்று சொல்லி, அவருடைய கைப்பேசி எண்ணை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னேன். எழுதினார். அதில் மூன்று ஏழுகள் இருந்தன. மூன்றுக்கும் கோடு.

"ஏழ இப்படித்தான் எழுதுவீங்களாம்மா?"

"எங்க ஃபேக்டரியில அப்படித்தான் எழுதணும் டீச்சர். ஒன்னா ஏழான்னு தெரியலன்னா லேபிளயே திருப்பி அனுப்பிருவாங்க." சிரித்துக்கொண்டே சொன்னவர், நான் மேசை இழுப்பறையிலிருந்து மகளின் புத்தகத்தை எடுப்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். புத்தகத்தைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். பிறகு என்னை.

"அதுக்குத்தான் நம்பர் எழுதச் சொன்னீங்களா?"

நான் புத்தகத்தைத் தாளுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தேன்.

"நீங்க போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாம் லா டீச்சர்."

வெட்கப்பட்டிருக்க வேண்டும். அப்போது படவில்லை. குற்றவாளி அகப்பட்டுவிட்ட மகிழ்ச்சியில் இருந்தேன். பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பெரியவர்கள் செய்து கொடுத்தால் பிள்ளைக்கு என்ன கேடு என்று, பயிற்சிக் கல்லூரியில் படித்ததை எல்லாம் ஒரு மூச்சில் ஒப்பித்தேன். அவர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பாப்பா அவ வேலைய ரஃப் நோட்டுல முடிச்சிருவா டீச்சர். அப்புறம் அந்தக் கணக்கயே எனக்குக் குடுப்பா. புக்குல நான் போடறேன். அவளுக்கு நான் சொல்லித் தரல. அவதான் எனக்குச் சொல்லித் தரா."

அவர் பிறந்தது பாலோ பக்கம் ஒரு தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில். பிறப்புப் பத்திரம் எடுக்காமலே விட்டுவிட்டார்கள். இரக்கப்பட்ட ஓர் ஆசிரியர் இரண்டாம் ஆண்டு வரை வகுப்பில் உட்கார விட்டிருக்கிறார். பிறகு பெயர்ப் பதிவு, ஆவணம் என்று கேள்வி வந்ததும் பள்ளிக்கூடம் நின்றுபோனது. அடையாள அட்டை கைக்கு வந்தபோது அவருக்குக் கல்யாண வயது. பெருக்கல் கொஞ்சம் தெரியும், வகுத்தல் பாடம் வருவதற்குள் பள்ளி போய்விட்டது. இப்போது பிளாஸ்டிக் டப்பா செய்யும் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறார். ஒன்பது வருடமாக நின்றுகொண்டே வேலை. உட்கார்ந்து சரிபார்க்கும் வேலைக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள். அதற்கு ஒரு பரீட்சை. கணக்கு இருக்குமாம்.

"கால் ரெண்டும் வீங்கிப் போவுது டீச்சர். இன்னும் பத்து வருஷம் நிக்க முடியாது."

"சரி, அத ரஃப் நோட்டுலயே எழுதலாமே. ஏன் புக்குல?"

அவர் புத்தகத்தில் நான் போட்டிருந்த ஒரு சிவப்புச் சரிக்குறியைத் தொட்டார். "பாப்பா ரைட்டு போட்டா அது பாப்பா போட்ட ரைட்டு. புக்குல எழுதுனா நீங்க போடுவீங்கல்ல."

இதைக் கேட்டு நான் உடனே உருகிவிடவில்லை. பாதிதான் நம்பினேன். நல்ல கதை என்பதே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. "எழுபத்திரண்ட ஒன்பதால வகுத்தா?" என்று திடீரென்று கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வலது கையின் ஆள்காட்டி விரல் எழுந்து, காற்றில், கீழே இடப்பக்கமாக ஓர் இடத்தை அழுத்தி மூடியது. உதடு அசைந்தது. "ஒம்போத எத்தனையால பெருக்கணும்… எட்டு" என்றார். நான் வெட்டிய அட்டை அவர் கண்ணுக்குள் இருந்தது. அந்த விரல் பொய் சொல்லாது. அதன்பிறகுதான் அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

அன்றைக்கே மீதியைப் பற்றியும் பேசினோம். நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன். ஐம்பதை எட்டால் வகுத்து ஏழு என்று அவர் போட்டதையும், அதன் மேல் நான் போட்ட தப்பையும் காட்டி, "ஆறுதான் போகும் அக்கா. எட்டாறு நாற்பத்தெட்டு. மிச்சம் ரெண்டு மீதி" என்றேன்.

"அந்த ரெண்டு எங்க போவும்?"

"எங்கயும் போகாது. மீதின்னு பக்கத்துல எழுதணும்."

"கீழயே கெடக்குமா? அதுக்கும் ஒரு பெட்டி வேணுமே டீச்சர்."

"பெட்டியெல்லாம் நினைக்காதீங்க. நம்பரை மட்டும் பாருங்க. சந்தேகமா இருந்தா பெருக்கிப் பாருங்க. ஏழெட்டு ஐம்பத்தாறு. உங்ககிட்ட இருக்கறதே ஐம்பது. கூடப் போச்சில்ல? அப்ப தப்பு."

அவர் முகத்தில் சம்மதம் இல்லை. எனக்குத் தெரிந்தது. ஆனால் மணி அடித்துவிட்டது, வகுப்புக்குப் போக வேண்டும், தவிர நான் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அவர் ஒன்பது வருடமாகக் கையால் செய்துவந்ததை நான் ஒரு நிமிடத்தில் மணிச்சத்தத்துக்கு நடுவே அடித்துத் தள்ளிவிட்டுப் போனேன்.

அவருக்கென்று தனிப் புத்தகம் ஒன்று கொடுத்தேன். மகளின் பையில் அது வரும், சிவப்புப் பேனாவோடு திரும்பும். நானும் உற்சாகமாகிவிட்டேன். கூடுதல் கணக்குகள், புது முக்கோணங்கள், பெரிய எண்களை உடைத்து வகுக்கும் வழி என்று அள்ளி அனுப்பினேன். மகள் வந்து வீட்டு நிலவரம் சொல்வாள். "நேத்து அம்மா சோறு ஆக்கிக்கிட்டே ஆறாம் வாய்ப்பாட்டப் பின்னாலருந்து சொன்னாங்க டீச்சர். ஒரு எடத்துல மாட்டிக்கிட்டாங்க. பெருக்கிப் பாத்தியாம்மான்னு கேட்டேன். கரண்டியத் தூக்கிட்டு வந்துட்டாங்க." நாலைந்து வாரத்தில் ஒன்று கூடுதலாக வரும் பிழை நின்றுபோனது. ஆறு, மீதி இரண்டு. ஏழு, மீதி மூன்று. வரிசையாகச் சரி போட்டேன். ஏதோ ஒரு பக்கத்தின் அடியில் 'மிக நன்று' என்றுகூட எழுதிய ஞாபகம். சந்தேகப்படுவதையே தொழிலாக வைத்திருந்தவள், அந்தச் சரிகளை ஒரு முறைகூடச் சந்தேகப்படவில்லை.

பரீட்சை முடிந்து பத்து நாளுக்குப் பிறகு, பள்ளி விடும் நேரத்தில் அக்கா வாசலில் நின்றிருந்தார். மகளின் பை அவர் தோளில்.

"என்னக்கா ஆச்சு?"

"கெடைக்கல டீச்சர்."

எத்தனை கணக்கு, என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன். எல்லாம் மலாயில், கதையாகக் கேட்டிருந்தார்கள். பெருக்கலும் கூட்டலும் சரியாம். வகுத்தல் நாலில் மூன்று போய்விட்டதாம். மூன்றும் ஒரே மாதிரிக் கேள்வி. ஒன்றை அப்படியே சொன்னார். இருநூற்றுப் பத்து டப்பா. ஒரு பெட்டிக்கு எட்டு. எத்தனை பெட்டி வேண்டும்?

என் மனம் வழக்கம்போல முந்திக்கொண்டு ஓடியது. எட்டை இருபத்தாறால் பெருக்கினால் இருநூற்று எட்டு. மீதி இரண்டு. அந்த இரண்டில் வந்து இடித்து நின்றது.

"நீங்க என்ன எழுதினீங்க?"

"மொதல்ல இருபத்தேழுன்னுதான் எழுதுனேன். கை தானா எழுதிருச்சு. அப்புறம் நீங்க சொல்றது ஞாபகம் வந்து, பெருக்கிப் பாத்தேன். எட்ட இருபத்தேழால பெருக்குனா இருநூத்துப் பதினாறு. கூட வருது. தப்புன்னு நெனச்சு அடிச்சிட்டு, இருபத்தாறு, மீதி ரெண்டுன்னு போட்டேன்." மகளின் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "லைன்ல நிக்கறவ எவளக் கேட்டாலும் சொல்லுவா, இருபத்தேழு பெட்டின்னு. கடசிப் பெட்டி ரொம்பலன்னாலும் டேப் போட்டு, லேபிள் ஒட்டி, லாரியில ஏத்தித்தானே ஆவணும். எனக்குத் தெரியாதா? ஆனா நீங்க சொன்னீங்களே."

பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கேள்வித்தாளை நான் பார்க்கவில்லை, மலாய்க் கேள்வியை அவர் சரியாகப் புரிந்துகொண்டாரோ என்னவோ என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க மொதல்ல எழுதுனதுதான் சரி அக்கா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் அவரிடம் கைப்பேசி எண்ணை வாங்கிப் பார்த்தபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அப்ப அன்னைக்கு ஏன் தப்பு போட்டீங்க?"

அன்றைக்குக் கேட்டது வெறும் எண், அதற்கு ஆறு மீதி இரண்டுதான் விடை; இது பெட்டி, இதற்கு இருபத்தேழு. பொருளைப் பார்த்துத்தான் மீதியை என்ன செய்வது என்று முடிவு செய்ய வேண்டும். நான் அதைச் சொல்லித் தந்திருக்க வேண்டும், நீங்கள் கேட்டும் நான் காது கொடுக்கவில்லை. இதையெல்லாம் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் மகளின் பையைத் திறந்து, பழைய கணிதப் புத்தகத்தை வெளியே எடுத்தார். கோடு போட்ட ஏழுகள் இருந்த புத்தகம். வாசல் சுவரின் மேல் அதை விரித்து, "இது?" என்று ஒரு தப்பின் மேல் விரல் வைத்தார்.

வெறும் எண். "இது தப்புதான் அக்கா."

"இது?"

இனிப்பைப் பங்கு போடும் கணக்கு. மிஞ்சியதைக் கொடுக்க முடியாது. "இதுவும் தப்புதான்."

"இது?"

ஒரு காரில் நாலு பேர் உட்காரலாம். இருபத்தொன்பது பேருக்கு எத்தனை கார் வேண்டும்? நானே கைப்பட எழுதிக் கொடுத்த கணக்கு. அவர் எட்டு என்று போட்டிருந்தார். நான் அதை அடித்து, பக்கத்தில் ஏழு, மீதி ஒன்று என்று எழுதியிருந்தேன். அந்த ஒருவரைச் சாலையோரத்திலேயே நிறுத்திவிட்டு ஏழு காரையும் அனுப்பியிருக்கிறேன். அதைக் கவனிக்காமல், ஏழின் இடுப்பில் இருந்த கோட்டைக் கவனித்திருக்கிறேன். பேனாவை எடுத்து என் தப்பை அடித்துச் சரி போட்டேன். அடுத்த பக்கத்திலும் ஒன்று அப்படி இருந்தது. போட்டேன். மூன்றாவதற்கு என் கை கொஞ்சம் வேகமாகப் போனபோது அவர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எல்லாத்துக்கும் ரைட்டு போடாதீங்க டீச்சர். பாத்துப் போடுங்க."

அடுத்த பரீட்சை ஆறு மாதம் கழித்து என்று தெரிந்துகொண்டு, புதுக் கணக்குகள் தயாரித்து அனுப்பினேன். புத்தகம் திரும்பி வரவில்லை. மகளிடம் கேட்டேன். அவள் தயங்கித் தயங்கி, "அம்மா எங்கிட்டயே கேட்டுக்கறாங்களாம் டீச்சர்" என்றாள். கொஞ்சம் பெருமையும் இருந்தது அந்தக் குரலில். என் ஒப்பந்தம் அந்த ஆண்டோடு முடிந்தது.

அவர் இரண்டாவது தடவை தேறிவிட்டார். மகள்தான் குரல் பதிவு அனுப்பினாள். பின்னால் தொலைக்காட்சிச் சத்தத்துக்கு நடுவே, யாருக்கு அனுப்புகிறாய் என்று அவர் கேட்பது காதில் விழுந்தது. டீச்சருக்கு என்றாள் மகள். "ஓ" என்றார். அவ்வளவுதான். அதில் கோபம் இருந்ததா, இல்லையா என்று நான் அதைப் பல தடவை போட்டுக் கேட்டிருக்கிறேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

இப்போது எனக்குப் பெக்கான் நானாஸில் ஒரு பள்ளியில் நிரந்தர வேலை. அன்னாசிக்குப் பேர்போன ஊர். போன வாரம் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு, ஐம்பது அன்னாசியை எட்டெட்டாகக் கூடைகளில் அடுக்கச் சொல்லி ஒரு கணக்குக் கொடுத்தேன். ஒருத்தி ஏழு என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் ஆறு என்று எழுதியிருந்தாள். இருவரும் ஒருவர் புத்தகத்தை மற்றவர் எட்டிப் பார்த்துவிட்டு, என் மேசைக்கு வந்து நின்றார்கள். "டீச்சர், யாருக்கு ரைட்டு?" சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, நான் என்ன கேட்டிருக்கிறேன் என்று என் கேள்வியை முதலிலிருந்து படித்தேன். எத்தனை கூடை நிரம்பும் என்று கேட்டேனா, எத்தனை கூடை வேண்டும் என்று கேட்டேனா என்பது அதில் தெளிவாக இல்லை.

"ரெண்டு பேரும் உக்காருங்க" என்றேன். "நான் கேட்டதுதான் சரியில்ல."